குப்பாயமும் தள்ளுபடியும்

கல்யாண சீசனில் நாகர்கோவில் கடைகளில் மாப்பிள்ளை கோட்டுக்குத் தள்ளுபடி போர்டு தொங்கும். கோட்டு தைத்தால் இரண்டு சட்டைக்குக் கூலி கிடையாது என்பார்கள். தம்பி கல்யாணத்துக்காக நானும் பல கடை ஏறி இறங்கினேன். கோட்டாறில் ஒரு வயசான டெய்லர்தான் கணக்கை உடைத்துச் சொன்னார்: "துணியில கொறைக்கலாம் மக்கா. கூலியில கொறைச்சா கோட்டுக்குள்ள தெரியும்." மார்புப் பகுதிக்குள் வைக்கும் கேன்வாஸைக் கையால் தைத்தால் மணிக்கணக்கில் வேலை. பசைத்துணியைச் சூட்டில் ஒட்டினால் சில நிமிடம் போதும். வெளியே வித்தியாசம் தெரியாது.

இந்த மண்ணில் தைத்த துணியே ஒரு காலத்தில் தள்ளுபடியாகத்தான் வந்தது. குறைக்கப்பட்டது விலை அல்ல, உரிமை.

பழைய திருவிதாங்கூரில் மதிப்பு தைக்காத துணிக்குத்தான். தோளில் போடும் மேல்முண்டு சாதி அந்தஸ்தின் அடையாளம். நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களும் அதைப் போடக்கூடாது. 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தேவாலயம் கட்டினார். மதம் மாறிய பெண்கள் மார்பை மூட உரிமை கேட்டார்கள். கர்னல் மன்றோ காலத்தில், 1814 ஆணை அவர்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது. சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமாரும் போடுவது போன்ற தைத்த சட்டை அது. மேல்முண்டுக்கு அனுமதி இல்லை. உடம்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும். இதுதான் அந்தத் தையலின் உள்கணக்கு.

பெண்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின் மேல் மேல்முண்டும் போட்டார்கள். கலகம் வெடித்தது. சந்தைகளில் சட்டைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3 ராஜ ஆணை மேல்முண்டை மறுபடி மறுத்தது.

இதே காலத்தில் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமைச் சிறுமிகள் சிலர் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். ஊசி அவர்கள் கைக்கு வந்தபோது கணக்கு வேறாக மாறியது.

1858இல் கலகம் மறுபடி மூண்டது. சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கவும், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய ஆணை வெளியிட்டார். நாடார் பெண்கள் எல்லாரும், மதம் மாறாதவர்களும், சட்டை போடலாம். மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. நம் பாடப்புத்தகங்களில் இது வெற்றியாக வரும். வெற்றிதான். ஆனால் அந்தக் கடைசி வரியையும் சேர்த்துப் படிக்கணும்.

அந்த ஆணை ஒரு சாதிக்கு மட்டுமே எழுதப்பட்டது. புலையர் பெண்கள் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். 1915இல் கொல்லத்தில், அய்யங்காளி முன்னிலையில், அவர்கள் கல்மாலைகளை அறுத்துப் போட்டு ரவிக்கையோடு நின்றார்கள். அதற்காக எந்த ராஜாவின் ஆணைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.