கூரையும் கடமையும்: நீலகிரியை முன்வைத்து முன்னாள் படைவீரர் வீடின்மை குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

நீலகிரியின் நவீன வரலாற்றை ராணுவத்திலிருந்து பிரித்து எழுத முடியாது. 1758-இலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் 1947 முதல் வெலிங்டனில் இயங்குகிறது. முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி 1948 முதல் அதன் அருகிலேயே இருக்கிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது. எம்.ஆர்.சி. என்று மலைமக்கள் சுருக்கமாகச் சொல்லும் ரெஜிமென்ட் மையத்தில்தான் தென்னகத்தின் பல்லாயிரம் இளைஞர்கள் சிப்பாய்களாக உருவானார்கள். அந்த ரெஜிமென்ட் வீரர்களின் பணிப் பதிவுகளைப் பேணும் ரெக்கார்ட்ஸ் அலுவலகமும் வெலிங்டனில்தான் உள்ளது. ஆனால் பணி முடிந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும் ஒருவருக்குத் தலைசாய்க்க இடம் உண்டா என்பதைப் பார்ப்பது யார் பொறுப்பு?

முன்னாள் படைவீரரின் வீடின்மை பெரும்பாலும் தனிமனிதரின் சரிவாகவே பேசப்படுகிறது: குடித்தார், கடன்பட்டார், குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. இக்கட்டுரையின் வாதம் வேறு. பணியோடு தரப்படும் உறைவிடம் பணியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் வாழ்க்கைக்குக் கூரையாக இந்தியா தந்தது ஓய்வூதியம் ஒன்றையே. அந்த ஓய்வூதியம் எட்டாதவர்களுக்கும், இனி அது இல்லாமலே வெளியேறப்போகும் இளைஞர்களுக்கும் உறைவிடத்தை உறுதிசெய்வது அரசுக்கும் சமூகத்துக்கும் உள்ள கடமை. அதைத் தொடங்க நீலகிரியைவிடப் பொருத்தமான மாவட்டம் இல்லை.

1. கணக்கில் வராத வீடின்மை

அமெரிக்கா ஆண்டுதோறும் ஜனவரியில் ஓர் இரவைக் குறித்துவைத்து வீடற்றோரை எண்ணுகிறது. அவர்களில் முன்னாள் படைவீரர் எத்தனை பேர் என்பதையும் தனியே பதிகிறது. 2010-இல் 74,087 ஆக இருந்த அந்த எண்ணிக்கை 2024-இல் 32,882 ஆகக் குறைந்தது. வாடகை உதவிச் சீட்டையும் சமூகப் பணியாளரின் தொடர் கவனிப்பையும் இணைத்து 2008 முதல் விரிவாக்கப்பட்ட திட்டம் இதற்கு முக்கியக் காரணம். குடியை விட்டுவிட்டு வா, வேலை தேடிக்கொண்டு வா என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுத்தார்கள்; மற்றவற்றை அதன் பிறகு பார்த்தார்கள்.

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் 17.7 லட்சம் பேர் என்று பதிந்தது. அவர்களில் ராணுவத்தில் பணியாற்றியவர் யார் என்று அறிய அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. எண்ணப்படாத துன்பத்துக்குத் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை.

நம் ஊரில் இந்த வீடின்மை எப்போதும் நடைபாதையில் தெரிவதில்லை. அண்ணன் வீட்டுத் திண்ணையிலும், மகளின் ஒற்றை அறை வாடகை வீட்டிலும், இரவுக் காவல் வேலையோடு கிடைக்கும் அறையிலும் அது ஒளிந்திருக்கிறது. படையை விட்டு வந்தவர்களில் பலர் காவல் பணிக்குப் போகிறார்கள் என்பது ஊரறிந்தது. விடுமுறை பங்களா ஒன்றின் வாசலில் உள்ள காவல் அறையே குடியிருப்பாகிவிட்டால், முதலாளி ஆளை மாற்றும் நாளில் அந்தக் கூரையும் போய்விடும். முகவரி நிலையாக இல்லாதபோது குடும்ப அட்டையிலிருந்து முதியோர் உதவித்தொகை வரை எல்லாமே சிக்கலாகின்றன.

2. வேலையோடு வரும் வீடு

சிப்பாய்க்குப் பணிக்காலத்தில் பாரக்ஸும், வாய்ப்பிருந்தால் குடும்பக் குவார்ட்டர்ஸும் கிடைக்கின்றன. பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதில் வெளியேறுகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அந்தப் பருவத்தில்தான் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டியிருக்கிறது. பதினைந்து ஆண்டு தகுதிப் பணியை முடித்திருந்தால் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைக்கும். மாதம் தவறாமல் வரும் அந்தத் தொகையை நம்பித்தான் வங்கி கடன் தருகிறது. வீட்டுக்காரர் வாடகைக்கு விடுகிறார். கூட்டுக் குடும்பத்திலும் ஒரு மரியாதை நிலைக்கிறது. ஓய்வூதியமே இந்நாட்டின் எழுதப்படாத படைவீரர் வீட்டுவசதிக் கொள்கை.

நீலகிரி மக்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லைன் வீடும் இப்படிப்பட்டதே. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு வேலை தர 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில், ஓய்வுபெறும் தொழிலாளி லைன் வீட்டை விட்டுப் போக வேண்டிய நிலை நெடுநாளைய பிரச்சினையாக இருந்துவருகிறது. சீருடை அணிந்தவருக்கும் கொழுந்து பறித்தவருக்கும் ஒரே விதி: உழைப்பு தேவைப்படும் வரை கூரை உண்டு.

இந்த மலையில் சொந்த வீடு தேடுவது சமவெளியில் தேடுவதைப் போன்றதன்று. காப்புக்காடு, தோட்டம், யானை வழித்தடம், பழைய ஜென்மி நிலவுடைமையால் நீடிக்கும் கூடலூர் ஜென்ம நிலத் தகராறு ஆகியவற்றைக் கழித்தால் எளியவருக்கு எஞ்சும் நிலம் மிகக் குறைவு. எஞ்சியதன் விலையை விடுமுறை பங்களாக்கள் ஏற்றிவிட்டன. மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை. 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டத்தில் அந்த விதிகள் தேவையானவையும்கூட. கலைஞர் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது. ஆனால் வீடு கட்டச் சொந்த மனை வேண்டும். பட்டா இல்லாதவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

3. வரலாறு தரும் மூன்று பாடங்கள்

முதல் பாடம் லவ்டேலில் இருக்கிறது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1858-இல் ஊட்டியில் லாரன்ஸ் புகலிடம் தொடங்கப்பட்டது. இன்றைய லாரன்ஸ் பள்ளி அதன் வழிவந்தது. வெலிங்டன் பாரக்ஸ் உருவானதும் வெள்ளைத் துருப்புகள் குளிர்ந்த காற்றில் உடல் தேறுவதற்காகவே. படைவீரரையும் அவர் குடும்பத்தையும் பேணும் திறன் அரசுக்கு அன்றே இருந்தது. யாரைப் பேணத் தகுந்தவராகக் கருதியது என்பதில்தான் பாகுபாடு. அதே பிரிட்டனில், நெப்போலியன் போர்கள் முடிந்து வீடின்றி அலைந்தோர் பெருகிய காலத்தில் 1824-இல் வந்த சட்டம் வெட்டவெளியில் படுத்துறங்குவதையே குற்றமாக்கியது. போருக்குப் பின் வீடற்றுப்போன பழைய சிப்பாய்களும் அதன் பிடியில் சிக்கினார்கள்.

இரண்டாவது பாடம் கூடலூரை அடுத்த வயநாட்டில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களைக் குடியேற்ற, அன்றைய சென்னை மாகாண அரசு, மலபார் மாவட்டத்தில் அப்போது அடங்கியிருந்த வயநாட்டில் குடியேற்றத் திட்டம் வகுத்தது. அம்பலவயலில் இன்றும் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அந்தக் குடியேறிகளுக்கு உதவத் தொடங்கப்பட்டதே. போர் முடிந்ததும் வீரருக்கு நிலமும் வாழ்வாதாரமும் தர வேண்டும் என்று ஓர் அரசு திட்டமிட்டது பாராட்டத்தக்கது. ஆனால் அது பணியரும் குறும்பரும் குறிச்சியரும் காட்டுநாயக்கருமாகிய பழங்குடியினர் வாழ்ந்த மண். ஒருவருக்குக் கூரை தர இன்னொருவரின் காட்டைப் பறித்தால் கடன் தீர்வதில்லை, கடன்காரர்தான் மாறுகிறார். நீலகிரியில் எந்த மறுவாழ்வுத் திட்டம் தீட்டினாலும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உரிமைகளைத் தொடாமல்தான் தீட்ட வேண்டும்.

மூன்றாவது பாடம் நம் கல்வெட்டுகளில் உள்ளது. போரில் வீழ்ந்தவருக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துப் பேசுகிறது. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்னொன்றையும் சொல்கின்றன: ஊருக்காக உயிர்விட்டவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, இரத்தக்காணி என்ற பெயர்களில் நிலம் கொடுத்தார்கள். நினைவுக் கல்லோடு பொறுப்பு முடியவில்லை. எஞ்சியவர்கள் உண்டு உயிர்வாழ வழிசெய்வதும் ஊரின் வேலையாக இருந்தது.

4. ஓய்வூதியம் எட்டாதவர்கள்

தகுதிப் பணியை முடிக்காமல் வெளியேறிய பலருக்கு ஓய்வூதியம் இல்லை. அவர்களில் ஒரு சாராருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஓய்வூதியம் பெறாத, 65 வயதைக் கடந்த, ஹவில்தார் வரையிலான நிலையில் பணியாற்றிய முன்னாள் வீரருக்குப் பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து தரப்படும் வறுமை உதவி மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பரிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வரவேற்க வேண்டிய உயர்வு. ஆனால் ஐம்பது வயதில் வீடிழந்தவர் அதைப் பெற இன்னும் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஓய்வூதியம் உள்ளவருக்கும் அது தடையின்றி வரும் என்ற உறுதி இல்லை. ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தால் 2022 ஏப்ரலில் நாடெங்கும் 58,000-க்கும் மேற்பட்டோரின் ஓய்வூதியம் நின்றது. பாதுகாப்பு அமைச்சகம் சிறப்பு விலக்கு அளித்த பிறகே அது வழங்கப்பட்டது. கணினி வழி ஓய்வூதிய முறையில் கைரேகை பதியாத முதியவரும், செல்பேசிச் சிக்னல் எட்டாத ஹட்டியில் (படகர் சிற்றூரில்) தனியே வாழும் விதவையும் எளிதில் விடுபட்டுப்போவார்கள். ஒரு மாத வாடகை தவறினால் போதும், அறையைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார்கள்.

தாமதம் எவ்வளவு உயரம் வரை எட்டும் என்பதற்குக் குன்னூரே சாட்சி. 1971 போரில் தரைப்படையைத் தலைமையேற்று நடத்திய சாம் மானெக்‌ஷா 1973-இல் பீல்டு மார்ஷல் ஆனார். ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியேறினார். அந்தப் பதவிக்குரிய ஊதிய நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேல், அவர் கைக்கு வந்தது 2007-இல். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். நாடே அறிந்த தளபதிக்கு முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருப்பு என்றால், பெயர் தெரியாத ஒரு லான்ஸ் நாயக்கின் மனு எத்தனை மேசைகளில் கிடக்கும்?

அடுத்து வரப்போவது இன்னும் பெரிய சோதனை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களில் நான்கு ஆண்டுக்குப் பின் 25 விழுக்காட்டினர் வரையே நிரந்தரப் பணிக்குத் தேர்வாவார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி உண்டு. ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை, அத்தகுதியோடு வரும் மருத்துவ வசதியும் இல்லை. வெலிங்டனில் பயிற்சி முடித்து உறுதிமொழி எடுத்தவர்களில் இத்திட்டத்தில் சேர்ந்த அக்னி வீரர்களும் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருப்பது உண்மை. அது கிடைக்காதவருக்கு எந்த நல அலுவலகத்தின் பதிவேட்டிலும் இடம் இருக்காது. இதுவரை கூரையாக இருந்த ஓய்வூதியத்தை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மாதாமாதம் வரும் எதையும் நாம் வைக்கவில்லை.

5. பொறுப்பின் அடிப்படையும் மறுப்புகளும்

வீரர் தம் ஊதியத்தைப் பெற்றுவிட்டார், கணக்கு முடிந்தது என்பார் உண்டு. ராணுவப் பணி சாதாரண வேலை ஒப்பந்தம் அன்று. வேலையை உதறிவிட்டுப் போகும் உரிமை, சங்கம் சேரும் உரிமை, எங்கே வாழ்வது என்று முடிவெடுக்கும் உரிமை எல்லாவற்றையும் வீரர் துறக்கிறார். பிறர் ஊரில் வேர்விடும் வயதில் அவர் ஒவ்வோர் எல்லையாக மாறிக்கொண்டிருக்கிறார். வீடு கட்டும் பருவத்தை நாடு எடுத்துக்கொண்டபின், வீட்டைப் பற்றிய பொறுப்பிலிருந்து நாடு விலக முடியாது. உறைவிடம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறது. எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள அந்த உரிமை, அரசே இடம்பெயர்த்து வைத்திருந்த ஒருவருக்கு வந்து சேராமல் போவது எந்த வகையிலும் நியாயமாகாது.

இன்னொரு மறுப்பு கனமானது. தோட்டத் தொழிலாளியும் பழங்குடி மூதாட்டியும் கூரையின்றித் தவிக்கையில் படைவீரருக்கு மட்டும் ஏன் முன்னுரிமை? இந்தக் கேள்வியைத் தேசபக்தி முழக்கத்தால் மூடக் கூடாது. வீடு என்பது வீரத்துக்குத் தரும் பரிசாகிவிட்டால் வீரம் காட்ட வாய்ப்பில்லாதவர் வெளியே நிற்பார். இங்கே கோருவது வரிசையில் முந்தும் சலுகை அன்று. வேலை முடிந்தால் வீடும் முடியும் என்ற ஏற்பாட்டையே மாற்ற வேண்டும் என்பதே கோரிக்கை. லைன் வீட்டுக்காரரும் சிப்பாயும் அதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

சமூகத்தின் மனம் வறண்டுவிடவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடிவந்தவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கத் தங்கள் வீட்டுக் கம்பளிகளையே எடுத்துக் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் கொடுத்த கம்பளி அது. விபத்தின் முன் பொங்கும் இந்தப் பரிவு, மெல்ல மெல்ல வீடிழக்கும் பழைய சிப்பாயின் முன் பொங்குவதில்லை. அவர் நிலைமை யார் கண்ணிலும் படாமலே நேர்ந்துவிடுகிறது. கண்ணில் படாததையும் கவனிக்கும் கடமை நிறுவனங்களுக்கு உண்டு.

6. செய்ய வேண்டியவை

முதலில் எண்ண வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரைப் பதியும் இரவில், ராணுவத்தில் பணியாற்றியவரா என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். அது வரும் வரை காத்திராமல், ஊட்டி, குன்னூர், கூடலூர் நகராட்சிகளும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் சேர்ந்து மார்கழி, தை உறைபனிக் காலத்தில் ஆண்டுதோறும் கணக்கெடுக்கலாம்.

இரண்டாவதாக, விடுவிப்புக்கு ஓராண்டு முன்பே ஒவ்வொரு வீரரிடமும் எங்கே வாழப்போகிறீர்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். விடை இல்லாதவரின் பெயர் அன்றே அவருடைய மாவட்ட நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். வெலிங்டனில் உள்ள ரெக்கார்ட்ஸ் அலுவலகம் இதற்கு முன்மாதிரியாகலாம்.

மூன்றாவதாக, பட்டா கேட்காத வாடகை உதவி வேண்டும். காடும் சரிவும் நிறைந்த மாவட்டத்தில் புதிய காலனிகளைவிட, இருக்கும் வீடுகளில் வாடகைக்கு அமர்த்துவதே மலைக்கும் மனிதருக்கும் நல்லது. 2024 சுதந்திர நாளில் தமிழக முதல்வர் அறிவித்த காக்கும் கரங்கள் திட்டம் முன்னாள் வீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தொழில் கடன் தருகிறது. கூரையில்லாதவர் அந்தக் கடனுக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வர முதலில் ஒரு முகவரி வேண்டும்.

நான்காவதாக, மனநலம் குன்றியும் மதுவுக்கு அடிமையாகியும் அலைவோரைக் காவல் நிலையத்துக்கு அனுப்பாமல் 2017 மனநலச் சட்டம் சொல்லும் இடைநிலை இல்லங்களில் சேர்க்க வேண்டும். எந்தக் காரணத்தால் பணியிலிருந்து வெளியேறினார் என்பதை இங்கே பார்க்கக் கூடாது.

ஐந்தாவதாக, நான்கு ஆண்டு பணி முடித்தவரையும் மாவட்ட நல அலுவலகப் பதிவேட்டில் சேர்க்க மாநில அரசு ஆணையிட வேண்டும்.

முடிவுரை

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதி திரட்டுகிறோம். சட்டையில் கொடி குத்திக்கொள்ளும் ஒவ்வொருவரும் தம் மாவட்ட நல அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நம் மாவட்டத்தில் வீடில்லாத முன்னாள் படைவீரர் எத்தனை பேர்? விடை சொல்லப்படும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாட்டுக்காக வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரும்போது அவருக்கு ஒரு வீடு இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது அரசின் கடமை. அரசைச் செய்யவைப்பது நம் கடமை.