அரசியாகப் பிறக்காத அரசி: இரண்டாம் எலிசபெத்தும் அவரது குடும்பமும்

எங்கள் ஆச்சியின் சுருக்குப்பையில் ஒரு பழைய ஒரு ரூபாய்க் காசு இருக்கிறது. 1947ல் அடித்தது. ஒரு பக்கம் புலி, மறுபக்கம் கிரீடம் வைத்த ஒருவரின் தலை. ஆறாம் ஜார்ஜ் மன்னர், சக்கரவர்த்தி என்று ஆங்கிலத்தில் சுற்றி எழுதியிருக்கும். 2022 செப்டம்பரில் எலிசபெத் மகாராணி இறந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது ஆச்சி கேட்டார்: "இது அந்தக் காசு ராஜாவோட மகதானே?"

ஆமாம், அதே ராஜாவின் மகள்தான். ஆனால் அந்தக் காசில் அவர் தலையே வந்திருக்கக் கூடாது என்பதுதான் வேடிக்கை. அவர் ராஜாவாக வேண்டியவரே இல்லை. அவர் மகளும் ராணியாக வேண்டியவர் இல்லை. ஒரு விவாகரத்து விவகாரம்தான் இருவரையும் சிம்மாசனத்தில் கொண்டு போய் உட்கார வைத்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஜெர்மன் பெயர் கொண்ட ஆங்கிலக் குடும்பம்

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். விக்டோரியா மகாராணி 1840ல் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் இளவரசரைத் திருமணம் செய்தார். அதனால் அவர்களுடைய மகன் ஏழாம் எட்வர்ட் காலத்திலிருந்து அரச குடும்பத்தின் பெயர் சாக்ஸ்-கோபர்க் கோத்தா என்று ஆனது. பெயரே ஜெர்மன் பெயர்.

முதல் உலகப் போர் வந்தது. இங்கிலாந்தும் ஜெர்மனியும் எதிரெதிராக நின்றன. இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜும் ஜெர்மனியின் கெய்சர் இரண்டாம் வில்லியமும் விக்டோரியாவின் பேரன்கள்தான்! 1917 ஜூனில் லண்டன் மேல் குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஜெர்மன் விமானங்களின் பெயர் 'கோத்தா'. நாட்டு ராஜாவின் குடும்பப் பெயரிலும் கோத்தா, தலையில் குண்டு போடும் விமானத்தின் பெயரும் கோத்தா என்றால் மக்கள் சும்மா இருப்பார்களா? 1917 ஜூலை 17 அன்று ஐந்தாம் ஜார்ஜ் குடும்பப் பெயரை வின்ட்சர் என்று மாற்றினார். வின்ட்சர் என்பது அவர்களுடைய கோட்டை இருக்கும் ஊரின் பெயர். அதே சமயத்தில் அவர்களுடைய உறவினர்களான பேட்டன்பர்க் குடும்பத்தினரும் மவுண்ட்பேட்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். நம் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அந்தக் குடும்பம்தான்.

ஐந்தாம் ஜார்ஜுக்கு மூத்த மகன் எட்வர்ட், அடுத்தவர் ஆல்பர்ட். எட்வர்ட் பார்க்க அழகானவர், பேச்சில் வல்லவர், போகும் இடமெல்லாம் கூட்டம். ஆல்பர்ட் கூச்ச சுபாவம், திக்குவாய் வேறு. 'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். ஆல்பர்ட் காதலித்தது ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்துப் பெண்ணான எலிசபெத் போஸ்-லயனை. பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. அரச குடும்பத்துக்குள் போனால் சுதந்திரம் போய்விடும் என்று பயந்து அவர் முதலில் மறுத்துவிட்டார். ஆல்பர்ட் விடவில்லை. கடைசியில் 1923 ஏப்ரலில் கல்யாணம் நடந்தது.

பள்ளிக்கூடம் போகாத பெண்

1926 ஏப்ரல் 21 அன்று லண்டன் புரூட்டன் தெருவில், தாய்வழித் தாத்தாவின் வீட்டில் எலிசபெத் பிறந்தார். அரண்மனையில் இல்லை. வாரிசு வரிசையில் மூன்றாவது இடம். பெரியப்பா எட்வர்ட் முதலில், அப்பா அடுத்து. பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்தால் இன்னும் கீழே போவார். தனக்கே ஒரு தம்பி பிறந்தாலும் கீழே போவார். அன்றைய சட்டப்படி மகளுக்கு முன்னால் மகனுக்குத்தான் உரிமை. ஆனால் 1930ல் பிறந்தது தங்கை மார்கரெட்.

அக்கா தங்கை இருவரும் பள்ளிக்கூடமே போகவில்லை. மேரியன் கிராஃபோர்டு என்ற ஆசிரியை வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு ஈட்டன் பள்ளியின் ஹென்றி மார்ட்டன் எலிசபெத்துக்கு அரசியல் சட்ட வரலாறு கற்றுத்தந்தார். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. நம்மைப் போல அரியர் பயமும் இல்லை!

மூன்று ராஜாக்களைப் பார்த்த ஆண்டு

1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் இறந்தார். எட்வர்ட் எட்டாம் எட்வர்ட் ஆனார். அவர் மணக்க விரும்பியது அமெரிக்காவைச் சேர்ந்த வாலிஸ் சிம்ப்சனை. அந்த அம்மாள் ஏற்கெனவே ஒருவரை விவாகரத்து செய்தவர், இரண்டாவது கணவரையும் விவாகரத்து செய்துகொண்டிருந்தார். இங்கிலாந்து ராஜா என்பவர் இங்கிலாந்துத் திருச்சபைக்கும் தலைவர். முன்னாள் கணவர் உயிரோடு இருக்கும்போது மறுமணம் செய்வதை அந்தத் திருச்சபை அன்று ஏற்கவில்லை. பிரதமர் பால்டுவின் முடியாது என்றார். கனடா, ஆஸ்திரேலியா அரசுகளும் ஒத்துக்கொள்ளவில்லை.

நாடா, அவளா என்று வந்தபோது எட்வர்ட் அவளைத் தேர்ந்தெடுத்தார். 1936 டிசம்பர் 10ல் கையெழுத்துப் போட்டார், மறுநாள் பதவி போனது. ஒரு வருடம்கூட முழுதாக ஆளவில்லை. முடிசூட்டு விழாவே நடக்கவில்லை. ஒரே ஆண்டில் மூன்று ராஜாக்கள்!

விரும்பாத ஆல்பர்ட் தலையில் கிரீடம் விழுந்தது. அவர்தான் ஆறாம் ஜார்ஜ், ஆச்சியின் காசு ராஜா. அண்ணனுக்காகக் குறித்து வைத்திருந்த 1937 மே 12ஆம் தேதியிலேயே தம்பிக்கு முடிசூட்டினார்கள். பத்து வயது எலிசபெத் அடுத்த வாரிசு ஆனார். பெரியப்பா எடுத்த ஒரு முடிவில் ஒரு சிறுமியின் முழு வாழ்க்கையும் திசை மாறிவிட்டது.

போரும் காதலும்

இரண்டாம் உலகப் போரில் அரண்மனையும் தப்பவில்லை. 1940 செப்டம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனை மேல் குண்டு விழுந்தது. பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனையைத் தாய் ஏற்கவில்லை. இரண்டு பெண்களும் பெரும்பாலும் வின்ட்சர் கோட்டையில் இருந்தார்கள். 1945 தொடக்கத்தில் எலிசபெத் ராணுவத்தின் பெண்கள் துணைப்படையில் சேர்ந்து லாரி ஓட்டவும் இன்ஜின் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

காதல் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1939ல் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரிக்குக் குடும்பத்தோடு போனபோது பதினெட்டு வயது பிலிப்பைச் சந்தித்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. பிலிப் கிரேக்க, டென்மார்க் அரச குடும்பத்துப் பிள்ளை. ஆனால் ஒரு வயதிலேயே குடும்பம் கிரேக்கத்தை விட்டு விரட்டப்பட்டது. கப்பலில் போகும்போது ஆரஞ்சுப் பெட்டியைத் தொட்டிலாக்கி அவரைப் படுக்க வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். அவருடைய தாய் ஆலிஸுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. போர்க்காலத்தில் ஏதென்ஸில் ஒரு யூதக் குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர் அவர். ஆலிஸின் தம்பிதான் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். எலிசபெத், பிலிப் இருவருமே விக்டோரியாவின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். தூரத்துச் சொந்தம்தான்.

1947 நவம்பர் 20ல் கல்யாணம். போர் முடிந்து ரேஷன் இருந்த காலம். இளவரசியின் கல்யாண உடைக்கும் துணி கூப்பன் வேண்டியிருந்தது. ஊர்மக்கள் தங்கள் கூப்பன்களை அனுப்பிவைத்தார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி தவறு என்பதால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். பிலிப்பின் உயிரோடிருந்த மூன்று அக்காக்களும் ஜெர்மானியர்களை மணந்தவர்கள் என்பதால் தம்பி கல்யாணத்துக்கே அழைப்பில்லை. நம் காந்தி தன் கையால் நூற்ற நூலில் பின்னிய ஒரு துணியை மவுண்ட்பேட்டன் மூலம் பரிசாக அனுப்பினார். அதில் 'ஜெய் ஹிந்த்' என்று இருந்தது. எலிசபெத்தின் பாட்டி மேரி அதை இடுப்புத்துணி என்று நினைத்து முகம் சுளித்தாராம்!

மரத்து மேல் ஏறிய இளவரசி

1952 ஜனவரி கடைசியில் உடம்பு சரியில்லாத அப்பாவுக்குப் பதிலாக எலிசபெத்தும் பிலிப்பும் வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார்கள். முதலில் கென்யா. காட்டு விலங்குகளைப் பார்க்க ட்ரீடாப்ஸ் என்ற மரத்து மேல் கட்டிய விடுதியில் ஓர் இரவு தங்கினார்கள். அந்த இரவில்தான், பிப்ரவரி 6 அதிகாலையில், ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 56. இளவரசியாக மரத்தில் ஏறியவர் ராணியாக இறங்கினார். அன்று பகலில் பிலிப்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். அப்போது எலிசபெத்துக்கு 25 வயது. ஏறக்குறைய நம் வயது!

1953 ஜூன் 2ல் முடிசூட்டு விழா. டிவியில் நேரடியாகக் காட்டிய முதல் முடிசூட்டு விழா அது. எவரெஸ்ட் சிகரத்தில் ஹிலாரியும் டென்சிங்கும் ஏறிய செய்தி லண்டன் மக்களுக்குக் கிடைத்ததும் அன்று காலைதான்.

இந்தியா குடியரசாகிவிட்டதால் நமக்கு அவர் ஒருபோதும் ராணி இல்லை. ஆனால் இலங்கைக்கு 1972ல் குடியரசாகும் வரை அவர்தான் ராணி.

அதே விதி, தங்கைக்கும் மகனுக்கும்

இனிதான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். எந்த விதி எலிசபெத்தை அரியணையில் ஏற்றியதோ, அதே விதி அவர் குடும்பத்தைக் கடைசிவரை துரத்தியது.

தங்கை மார்கரெட் விரும்பியது பீட்டர் டவுன்சென்ட் என்ற விமானப்படை அதிகாரியை. அவர் விவாகரத்தானவர். 1772ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணியின் சம்மதம் வேண்டும். திருச்சபைத் தலைவராகச் சம்மதித்தால் ஊர் பேசும், அக்காவாக மறுத்தால் தங்கை வாழ்க்கை போகும். இரண்டு வருடம் இழுத்தது. 1955 அக்டோபர் 31ல் அவரை மணக்கப் போவதில்லை என்று மார்கரெட்டே அறிவித்தார். பின்பு வேறொருவரை மணந்து, 1978ல் அந்த மணமும் விவாகரத்தில்தான் முடிந்தது.

ராணியின் நான்கு பிள்ளைகள் சார்லஸ், ஆன், ஆண்ட்ரூ, எட்வர்ட். முதல் மூவரின் கல்யாண வாழ்க்கையும் முறிந்தது. 1992ல் மட்டும் ஆன் விவாகரத்து, ஆண்ட்ரூ பிரிவு, சார்லஸ்-டயானா பிரிவு. அதோடு நவம்பர் 20ல், ராணியின் 45ஆவது திருமண நாளில், வின்ட்சர் கோட்டையில் தீ. 1997 ஆகஸ்ட் 31ல் பாரிஸில் டயானா விபத்தில் இறந்தபோது, ராணி லண்டன் வராமல் பால்மோரலிலேயே இருந்ததால் மக்களுக்குக் கடும் கோபம். செப்டம்பர் 5ல் டிவியில் நேரடியாகப் பேசிய பிறகுதான் அது தணிந்தது.

2005ல் சார்லஸ் விவாகரத்தான கமிலாவை மணந்தார். பதிவுத் திருமணத்துக்கு ராணி போகவில்லை, அதன் பின் நடந்த ஆசீர்வாதப் பிரார்த்தனைக்குப் போனார். அக்காவாகவும் தாயாகவும் இருந்த ஒருவரின் சங்கடம் முழுவதும் இதில் தெரிகிறதல்லவா?

கொஞ்சம் கணக்கு

காமர்ஸ் மாணவன் கணக்குப் பார்க்காமல் விடலாமா? 1760ல் மூன்றாம் ஜார்ஜ் அரச நிலங்களின் வருமானத்தை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். 2012ல் அது மாறி, அந்த நிலங்களின் லாபத்தில் 15 சதவீதத்தை அடிப்படையாக வைத்துப் பணம் கொடுத்தார்கள். 2017லிருந்து அரண்மனைப் பழுதுக்காக 25 சதவீதம் ஆனது.

வின்ட்சர் கோட்டைத் தீக்குப் பிறகு பழுது பார்க்க ஆன செலவு சுமார் 3 கோடியே 65 லட்சம் பவுண்டு. மக்கள் வரிப்பணத்திலா என்று கூச்சல் கிளம்பியது. 1993ல் பக்கிங்ஹாம் அரண்மனையைக் கோடைக்காலத்தில் டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள். செலவின் பெரும்பகுதி நுழைவுக் கட்டணத்தில் வந்தது. அதே ஆண்டிலிருந்து ராணி தானாக முன்வந்து வருமான வரியும் கட்டினார்.

நம் ஊரில்

1961, 1983, 1997 என மூன்று முறை இந்தியா வந்தார். 1997 அக்டோபரில் ஜாலியன்வாலா பாக்கில் மலர் வளையம் வைத்தார், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பயணத்தில்தான் சென்னையில் கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவுக்கு வந்தார். கம்பெனிப் படையில் வளர்ந்து, பின் அவர்களையே எதிர்த்து, 1764ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் மருதநாயகம். அவர் கதைக்கு இங்கிலாந்து ராணியே விருந்தாளி! படம்தான் இன்னும் வந்தபாடில்லை.

கடைசியாக

2021 ஏப்ரலில் 99 வயதில் பிலிப் இறந்தார். கொரோனா கட்டுப்பாட்டால் எழுபத்து மூன்று வருடக் கணவரின் இறுதிச் சடங்கில் கறுப்பு உடையும் முகக்கவசமுமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். 2022 செப்டம்பர் 6ல் தன் பதினைந்தாவது பிரதமரை நியமித்தார். முதல் பிரதமர் சர்ச்சில்! இரண்டு நாள் கழித்து, 8ஆம் தேதி, பால்மோரலில் 96 வயதில் காலமானார். ஆண்டது 70 ஆண்டுகள்.

மகளுக்கு முன் மகன் என்ற பழைய சட்டம் அவர் காலத்திலேயே, 2013ல் இயற்றப்பட்டு 2015ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் மாறியது. 2023 மே 6ல் சார்லஸுக்கு முடிசூட்டியபோது பக்கத்திலேயே கமிலாவுக்கும் ராணியாக முடிசூட்டினார்கள். விவாகரத்தானவரை விரும்பியதற்காக 1936ல் ஒருவர் சிம்மாசனத்தை இழந்தார், 1955ல் ஒருவர் காதலை இழந்தார். 2023ல் விவாகரத்தான இருவர் சேர்ந்தே சிம்மாசனத்தில் அமர்ந்தார்கள். யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை.

அப்படியானால் மார்கரெட் இழந்தது எதற்காக? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நம் வீடுகளிலும் 'ஊர் என்ன சொல்லும்' என்று ஒரு தலைமுறை இழந்ததை அடுத்த தலைமுறை சாதாரணமாகச் செய்துவிட்டுப் போகிறது. ஆச்சியிடம் கதை முழுவதையும் சொன்னேன். காசைத் திரும்பச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாவம் அந்தத் தங்கச்சி."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?