கண்ணாடி ஜாடியும் நவம்பர் விருந்தும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றி நவிலல் நாள் அறுவடையை ஒட்டி எழுந்த பண்டிகையாயினும், அந்நாளில் வடமாநிலத் தோட்டங்களில் பறிப்பதற்குப் பழம் அநேகமாக எஞ்சியிராது. ஜூனில் பழுத்த ஸ்ட்ராபெர்ரியும் ஆகஸ்டில் பழுத்த பீச்சும் அவ்விருந்தில் இடம்பெற வேண்டுமானால், அவற்றை மாதக்கணக்கில் கெடாமல் காத்தாக வேண்டும். வான்கோழி வறுவலுக்குத் துணையாகக் கிரான்பெர்ரிக் கூழை 1796இல் வெளிவந்த அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலே குறிப்பிடுகிறது. ஆயினும் பலவகைப் பழப் பதனங்கள் எளிய குடும்பங்களின் விருந்துக்கும் வந்துசேர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்குச் சமையல் பக்குவத்தில் நேர்ந்த மாற்றத்தைவிட மூடியில் நேர்ந்த மாற்றமே பெரிதும் காரணமாயிற்று.

அதற்கு முன்பு பழத்தைக் காத்தது சர்க்கரையே. ஒரு பவுண்டு பழத்துக்கு ஒரு பவுண்டு சர்க்கரை என்பது வழிவழி வந்த கணக்கு. பழத்திலுள்ள நீரைச் சர்க்கரை பிணைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் பெருக வழியின்றிப் போகும். பாண்டத்தின் வாயைப் பிராந்தியில் நனைத்த தாளாலோ விலங்கின் சிறுநீர்ப்பையாலோ மூடிக் கட்டினர். சர்க்கரை விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலத்தில் இம்முறை வசதி படைத்தோருக்கே உரியதாக இருந்தது. காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிநீரில் வேகவைத்தால் சர்க்கரை குறைந்தாலும் உணவு கெடாது என்பதைச் செய்து காட்டியவர் நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சு மிட்டாய்த் தயாரிப்பாளர். பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்கு பெற்று 1810இல் தம் முறையை நூலாக வெளியிட்ட அவருக்கே அது பலிப்பதன் காரணம் தெரியாது. அதை விளக்க லூயி பாஸ்டர் வரவேண்டியிருந்தது.

அப்பேர் கையாண்ட தக்கையும் மெழுகும் வீட்டுப் பெண்களுக்குத் தொல்லையாகவே இருந்தன. ஜான் லாண்டிஸ் மேசன் என்ற 26 வயதுத் தகரக் கொல்லர் 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை பெற்ற ஜாடியில், கழுத்தின் கண்ணாடியிலேயே மரை வார்க்கப்பட்டிருந்தது. துத்தநாக மூடியைத் திருகினால், அது ரப்பர் வளையத்தை ஜாடியின் தோள்மீது அழுத்திக் காற்றின் வழியை அடைத்தது. துத்தநாகம் பழச்சாற்றில் பட்டு உலோகச் சுவை ஏறியதால், 1869இல் லூயிஸ் பாய்ட் மூடியின் உட்புறத்தில் வெண்கண்ணாடித் தகடு பொருத்தினார். மேசனின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் பலரும் அந்த ஜாடியைச் செய்தனர். இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்த இந்தியானா மாநிலத்து மன்சி நகருக்கு 1880களின் பிற்பகுதியில் பால் சகோதரர்கள் தம் ஆலையை மாற்றிக்கொண்டு பெருஞ்செல்வம் ஈட்ட, மேசனோ 1902இல் வறுமையில் இறந்தார். எண்ணற்ற குடும்பங்களின் குளிர்காலத்துக்கு இனிப்பூட்டிய மனிதருக்கு இது நேர்ந்திருக்கக் கூடாத முடிவு.

வேலையின் நுட்பம் முழுவதும் ஜாடியின் விளிம்பிலேயே இருந்தது. குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளும்போது மேற்பரப்பு சுருங்கினால் ஜாம் பதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்; பழத்திலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருள் புளிப்போடும் சர்க்கரையோடும் சேர்ந்து இறுகுவதன் அடையாளம் அது. சூடாக நிரப்பி, மேலே கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பை ஈரத்துணியால் துடைப்பார்கள். அங்கே ஒரு துளிப் பாகு ஒட்டியிருந்தாலும் மூடி பொருந்தாது. பிறகு நீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவைத்த ஜாடி ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று மூடியை இறுக்கும். இருபதாம் நூற்றாண்டில் பரவிய தட்டையான தகர மூடிகளின் நடுப்பகுதி உட்குழியும்போது ‘டிக்’ என்று ஒலிப்பது, ஜாடி சரியாக அடைபட்டதற்கு அறிகுறி.

கொதிநீர் முறை புளிப்புள்ள பழங்களுக்கு மட்டுமே போதுமானது. புளிப்புக் குறைந்த காய்கறியிலும் இறைச்சியிலும் கொதிநீருக்கும் அழியாத பாட்டுலினம் கிருமியின் வித்துகள் தங்கிக் கொடிய நஞ்சை உண்டாக்கும் என்பதால், அவற்றுக்கு அழுத்தக் கொப்பரையே தக்கது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 1917 முதல் அறிவுறுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. பழம் அடைப்போருக்கு மட்டும் அரசு கூடுதல் சர்க்கரை ஒதுக்கியது. ஜாம் இறுகுவதற்குச் சர்க்கரை வேண்டும். துண்டு போட்டு அடைக்கும் பீச்சையும் பேரியையும் காப்பது வெப்பமும் இறுகிய மூடியுமே என்பதால், அவற்றை நீர்த்த பாகிலோ வெறும் பழச்சாற்றிலோ அடைத்துப் பண்டிகைக்கு வைத்துக்கொள்ளப் பங்கீட்டுக் காலத்திலும் இயன்றது.