பால் தெளித்தல் (மங்கோலியா)

பால் தெளித்தல்: மங்கோலிய மேய்ச்சல் நாடோடிகள் வானத்துக்கும் மலைக்கும் முன்னோருக்கும் பாலை இறைத்துச் செய்யும் வழிபாடு. எந்தக் கால்நடையின் பாலையும் தெளிப்பதுண்டு. ஆனால் பெருஞ்சடங்குகளுக்கு உரியது குதிரைப்பாலும், அதைப் புளிக்கவைத்துச் செய்யும் ஐரக் என்னும் பானமுமே. தெளிப்பதற்கு நீண்ட காம்புள்ள மரக்கரண்டி உண்டு. ‘த்சத்சல்’ எனப்படும் அதன் தலையில் மூன்று வரிசையாக ஒன்பது சிறு குழிகள் குடைந்திருக்கும். ஒன்பது மங்கோலியருக்குப் புனித எண்.

குதிரைப்பால் கிடைப்பது கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும்தான். குட்டிகளைத் தரையோடு இழுத்துக் கட்டிய கயிற்றில் பிணைத்து வைப்பார்கள். நம் ஊரில் கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதுபோலவே, குட்டியை முதலில் மடியில் விட்டுப் பால் சுரந்த பிறகுதான் கறப்பார்கள். மாட்டுத்தோல் பையில் ஊற்றி, நாள்தோறும் மத்தால் பலநூறு முறை அடித்துப் புளிக்கவைத்தால் ஐரக்.

இச்சடங்கின் தொடக்கம் தெளிவாக இல்லை. ‘மங்கோலியரின் மறைவரலாறு’ என்ற 13-ஆம் நூற்றாண்டு நூலில், மெர்கித் குடிப் பகைவரிடமிருந்து தப்பிய தெமூஜின் (பின்னாளைய செங்கிஸ் கான்) கச்சையைக் கழுத்தில் மாட்டி, தொப்பியைக் கழற்றி, புர்கான் கல்துன் மலையில் சூரியனை நோக்கி ஒன்பது முறை மண்டியிட்டுத் தெளித்து வேண்டுகிறான். எதைத் தெளித்தான் என்று நூல் சொல்லவில்லை, குதிரைப்பாலாக இருக்கலாம்.

விரிவான சான்றுகள் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கிடைக்கின்றன. 1253 முதல் 1255 வரை மங்கோலிய நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ரூப்ருக், பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய அறிக்கையில் கூடாரத்துக்குள் நடப்பதை நுணுக்கமாகப் பதிந்திருக்கிறார். வாயிலருகே பெண்கள் பக்கம் பசுமடியின் உருவமும் ஆண்கள் பக்கம் குதிரைமடியின் உருவமும் தொங்கும். பசுவைக் கறப்பவர் பெண்கள், குதிரையைக் கறப்பவர் ஆண்கள். குடிக்க ஒன்றுகூடும்போது முதல் தெளிப்பு தலைவரின் தலைக்கு மேலுள்ள கம்பளி உருவத்துக்கு. பிறகு பணியாள் கிண்ணத்தோடு வெளியே வந்து, ஒவ்வொரு முறையும் முழங்காலை மடக்கி, தெற்கு நோக்கி நெருப்புக்காக மும்முறை தெளிப்பான். கிழக்கே காற்றுக்கு, மேற்கே நீருக்கு, வடக்கே இறந்தோருக்கு. தலைவர் குதிரைமேல் இருந்தபடி குடித்தால், முதலில் சிறிது குதிரையின் கழுத்தில் ஊற்றப்படும். இந்த மரியாதை வேறெந்தக் குறிப்பையும்விட அம்மக்களை நமக்கு அருகில் கொண்டுவருகிறது. மே மாதப் பிறையின் ஒன்பதாம் நாள் வெள்ளைப் பெட்டைக்குதிரைகளை எல்லாம் திரட்டிப் புனிதப்படுத்துவார்கள் என்றும், அங்கு கிறித்தவக் குருமாரும் தூபக்காலோடு வரவேண்டும் என்றும் அவர் எழுதுகிறார்.

செங்கிஸ் கானின் பேரன் குப்லாய் கான் காலத்து ஷாங்டு கோடை அரண்மனையில் இச்சடங்கு அரசவிழாவாக விரிந்தது. ஆகஸ்ட் 28-ஆம் நாள் வெள்ளைக் குதிரைகளின் பால் காற்றிலும் தரையிலும் தெளிக்கப்பட்டது என்கிறார் வெனிஸ் பயணி மார்கோ போலோ. அக்குதிரைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்பது அவர் கணக்கு, மிகையாகவும் இருக்கலாம். அப்பாலைக் குடிக்கும் உரிமை கானின் குலத்தாருக்கும் ‘ஹோரியத்’ குடியினருக்கும் மட்டுமே. ஹோரியத் என்பவர்கள் ஓய்ராத்துகள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மந்தை கடக்கும்போது எவ்வளவு பெரிய பிரபுவும் நின்று வழிவிட வேண்டும், அல்லது சுற்றிப் போக வேண்டும். சீன அரசவரலாறான ‘யுவான் ஷி’யோ சடங்கின் நாளை ஆறாம் சந்திர மாதம் 24 என்கிறது. ரூப்ருக்கின் அறிக்கை உட்பட மூன்று சான்றுகளும் மூன்று நாள்களைச் சொல்கின்றன. பால் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனி விழாக்கள் நடந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம், முடிவு எட்டப்படவில்லை.

1368-இல் சீனாவில் மங்கோலியரின் யுவான் ஆட்சி சரிந்தபின் பதிவுகள் அருகுகின்றன. 1578-இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் திபெத்திய பௌத்தத்தைத் தழுவியதை அடுத்து உயிர்ப்பலி கண்டிக்கப்பட்டது. பால் தெளிப்பு நீடித்தது, லாமாக்கள் அதற்கு மந்திரநூல்கள் எழுதினர்.

சீனாவின் உள்மங்கோலியாவிலுள்ள ஓர்டோஸ் பகுதியில் செங்கிஸ் கானின் நினைவுப்பொருள்களைக் காக்கும் தர்கத் குடியினர், மூன்றாம் சந்திர மாதம் 21-ஆம் நாள் குதிரைப்பால் தெளித்து வழிபடுகின்றனர். 1939-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி மேற்கே கொண்டுசெல்லப்பட்ட அப்பொருள்கள் 1954-இல் திரும்பின.

மங்கோலியாவில் சோசலிச ஆட்சிக் காலத்தில் பொதுவழிபாடு ஒடுக்கப்பட, சடங்கு வீட்டளவில் தங்கியது: காலைப் பால்தேநீரின் முதல் கரண்டியை இல்லத்தரசி வெளியே வந்து வானுக்கு இறைப்பார். அவ்வாட்சி முடிந்தபின், 1995-இல் புனித மலை வழிபாட்டை மீட்டெடுக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. நாதம் என்னும் விளையாட்டு விழாவில் பந்தயம் வென்ற குதிரைமேல் ஐரக் ஊற்றி வாழ்த்துப் பாடுவது இன்றும் வழக்கம். தோல்பையில் ஐரக் செய்யும் முறையும் அதையொட்டிய வழக்கங்களும் 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.