ஆட்டக் கூடத்து மரியாதை

நள்ளிரவில் தொடங்கி விடிந்த பிறகும் ஓயாத ஆட்டம். இருட்டு, புகை, நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் தாள ஓசை. முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும். இப்படிப்பட்ட இடத்தில் மரியாதைக்கு என்ன வேலை என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் மேல்நாட்டில் ‘கிளப்’ என்றும் ‘ரேவ்’ என்றும் வழங்கும் இந்த ஆட்டங்களில் இளமையைக் கழித்து, இப்போது நரை கண்டுவிட்டவர்கள் பழங்கதை பேச ஆரம்பித்தால், சங்கீதத்தைவிட மரியாதையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். அப்போதெல்லாம் தெரியாமல் கால் பட்டுவிட்டால் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்பார்களாம். கையில் தண்ணீர் இருந்தால் பக்கத்தில் ஆடுகிறவருக்கும் ஒரு வாய் கொடுப்பார்களாம். பெண்கள் தனியே வந்து, ஒருவர் தொந்தரவும் இல்லாமல் ஆடிவிட்டுப் போவார்களாம். இப்போது வருகிற கூட்டத்துக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது என்று ஒரு பெருமூச்சோடு முடிப்பார்கள்.

வயதானவர்கள் எந்த ஊரிலும் பாடுகிற பல்லவிதான் இது என்று தள்ளிவிடலாம். பாதி அப்படித்தான். மற்றப் பாதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. கூட்டம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதை வரவேற்றவர் யார், எப்படி வரவேற்றார் என்று பார்ப்பதில்லை.

வரவேற்றவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டேவிட் மான்குஸோ. 1944-இல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்தில் ஓர் அனாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கே இருந்த கன்னிகாஸ்திரீ ஒருவர், ஏதாவது ஒரு சாக்கு வைத்துக் குழந்தைகளுக்கு விருந்து நடத்துவாராம். சின்னச் சின்ன மேஜைகள், பழரசம், பலூன்கள், ஒரு கிராமபோன் பெட்டி. பெரியவரான பிறகு மான்குஸோ நியூயார்க் நகரில் பிராட்வே தெருவில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் குடியிருந்தார். 1970 பிப்ரவரி 14-ந் தேதி, காதலர் தினத்தன்று, அந்த மாடிக்கு நண்பர்களை அழைத்தார். அழைப்பிதழ் இல்லாமல் உள்ளே வர முடியாது. மது விற்பனை கிடையாது. பழரசமும் தின்பண்டமும் உண்டு. அதற்குத் தனியாகக் காசில்லை. வாசலில் வாடகைக்கு உதவியாகச் சில டாலர்கள் கொடுக்க வேண்டும். கையில் பணமில்லாதவர் கடன் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டும் வரலாம். சொந்த வீட்டில் இப்படிச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு விருந்து போட்ட மனிதரை வியாபாரி என்று சொல்ல முடியுமா? பிற்பாடு நகர அதிகாரிகள், இது கேளிக்கை விடுதி, லைசென்ஸ் எங்கே என்று கேட்டு வழக்காடினார்கள். ஒன்றும் விற்காத இடத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று தீர்ப்பாயிற்று. ‘லாப்ட்’, அதாவது கிடங்கு மாடி, என்பதே அந்த விருந்துக்குப் பெயராக நிலைத்தது. ரிக்கார்டு போடுகிறவர் என்று தம்மை அழைப்பதை மான்குஸோ விரும்பவில்லை. சங்கீத விருந்தளிப்பவர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

அங்கே வந்தவர்கள் யார்? கறுப்பர்கள், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து குடியேறியவர்கள், ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள். அந்த நாளில் ஆணும் ஆணும் சேர்ந்து ஆடுவது, போலீஸார் ஒரு கடைக்குள் புகுவதற்குப் போதுமான காரணம். 1969 ஜூனில் ‘ஸ்டோன்வால்’ என்ற மதுக்கடையில் போலீஸ் புகுந்ததும், அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றதும் லாப்ட் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்புதான் நடந்தது. தெருவில் ஏச்சும், வீட்டில் ஒளிவு மறைவும், வேலையில் பயமுமாக வாழ்ந்தவர்களுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி, ஒருவர், வாருங்கள் என்று கதவைத் திறக்கிறார். அந்தக் கதவுக்குள் இருக்கிற இன்னொருவனை இடித்துத் தள்ள யாருக்கு மனம் வரும்?

அந்த விருந்தில் ஆடிய இரண்டு பையன்கள் பின்னால் பெரிய பேர் எடுத்தார்கள். லாரி லெவான், நியூயார்க்கில் ‘பாரடைஸ் கராஜ்’ என்ற கூடத்தின் நாயகரானார். அங்கேயும் மது கிடையாது. அங்கத்தினர்களுக்கும் அவர்கள் அழைத்து வருகிறவர்களுக்குமே அனுமதி. பிராங்கி நக்கிள்ஸ் 1977-இல் சிகாகோ போய் ‘வேர்ஹவுஸ்’ என்ற கூடத்தில் ரிக்கார்டு போட ஆரம்பித்தார். அந்தக் கூடத்தின் பெயரின் வால்தான் ‘ஹவுஸ்’ என்று ஒரு சங்கீத வகைக்கே பெயராயிற்று.

அதே சிகாகோவில் வேறொரு கூட்டமும் கூடியது. 1979 ஜூலை 12-ந் தேதி, காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர், ‘டிஸ்கோ’ ரிக்கார்டு ஒன்று கொண்டுவந்தால் 98 சென்டுக்கு டிக்கெட் என்று விளம்பரம் செய்தார். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் அந்த ரிக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்ப்பது வேடிக்கை. வந்தவர்கள் சுமார் ஐம்பதினாயிரம் பேர். வெடி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில் குதித்து, புல்லைப் பிய்த்து, நெருப்பு மூட்டி, இரண்டாவது ஆட்டமே நடக்காதபடி செய்துவிட்டார்கள். அன்று அங்கே இடங்காட்டும் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞர், குவிந்து கிடந்த ரிக்கார்டுகளைக் கவனித்தார். டிஸ்கோவே அல்லாத, கறுப்பர்கள் பாடிய ரிக்கார்டுகள் அதில் ஏராளம். ஐந்து வருஷம் கழித்து, ஹவுஸ் சங்கீதத்தின் முதல் ரிக்கார்டு என்று சொல்லப்படும் இசைத்தட்டை உருவாக்கியவர்களில் அந்த லாரன்ஸும் ஒருவர். அன்றைய ஐம்பதினாயிரம் பேரும் பிறவிப் போக்கிரிகள் என்று நான் நம்பவில்லை. உடைக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், வந்து உடைத்தார்கள்.

சிகாகோ சங்கீதம் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனபோது அதோடு ஒரு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ‘எக்ஸ்டஸி’ என்ற அந்த மாத்திரை இங்கிலாந்தில் 1977 முதலே தடை செய்யப்பட்டது. டானி ராம்ப்ளிங் என்பவரும் அவர் மனைவி ஜென்னியும் 1987 கடைசியில் லண்டனில் ஒரு தேகப்பயிற்சிக் கூடத்தில் ‘ஷூம்’ என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். ஸ்ட்ராபெரி வாசனையோடு புகை. அதில் முன்னே நிற்பவர் முகம்கூடத் தெரியாது. சனிக்கிழமை பகலில் கால்பந்து மைதானத்தில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்த பையன்கள், ராத்திரி கட்டித் தழுவிக்கொண்டு ஆடினார்கள் என்று அந்த நாளைக் கண்டவர்கள் சொல்கிறார்கள். அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, மனசின் பங்கு எவ்வளவு? பலரும் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிற கேள்வி இது. மாத்திரை தருகிற அன்பு காலையில் இறங்கிவிடும். சிலருக்கு உயிரோடு இறங்கியது. மான்செஸ்டரில் 1989-இல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அப்படித்தான் போனாள்.

மரியாதை குறைந்தது என்ற புலம்பலும் அப்போதே ஆரம்பமாகிவிட்டது. 1988 கோடையில் செய்தி பரவி, புதுக் கூட்டம் வரத் தொடங்கியதும், ஆறே மாதம் மூத்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். கைப்பையைத் தரையில் வைத்து அதைச் சுற்றி ஆடுகிற கடைச் சிப்பந்திப் பெண்களுக்கு ‘ஷாரன், டிரேஸி’ என்று பொதுப் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். ஸாரா தார்ன்டன் என்ற அம்மையார் 1995-இல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தக் கேலியை நன்றாக ஆராய்ந்திருக்கிறார். எல்லோரும் ஒன்று என்று கூவிய இடத்திலேயே இந்தத் தீட்டும் இருந்தது. ஒரு பெண் பையைக் காலடியில் வைத்துக்கொள்வது, அதைப் பத்திரமாக வைக்க வேறு இடம் இல்லாததால்தானே!

மான்செஸ்டர் கதை இன்னும் கசப்பானது. ‘ஃபாக்டரி’ ரிக்கார்டு கம்பெனியும் ‘நியூ ஆர்டர்’ இசைக் குழுவும் சேர்ந்து 1982 மே மாதத்தில் ‘ஹாஸியெண்டா’ என்ற கிளப்பைத் திறந்தார்கள். ஆரம்பத்தில் வெறிச்சோடிக் கிடந்த இடம், 1988-இல் பிதுங்கி வழிந்தது. ஆனால் மாத்திரை தின்றவர்களுக்கு மது வேண்டியிருக்கவில்லை, தண்ணீர்தான் வேண்டும். கூட்டம் நிரம்பியும் கல்லா நிரம்பவில்லை. மாத்திரையில் புரண்ட பணம் தெருக் கும்பல்களின் கைக்குப் போயிற்று. கிளப் வாசல் யார் வசமோ, உள்ளே வியாபாரம் அவர் வசம். ஆகையால் கும்பல்கள் வாசலுக்காகத் துப்பாக்கி தூக்கின. 1991 ஜனவரியில் சொந்தக்காரர்களே கிளப்பை மூடினார்கள். மே மாதம் திறந்தபோது வாசலில் விமான நிலையத்தில் இருப்பது போன்ற உலோகச் சோதனைக் கருவி நின்றது. கட்டித் தழுவ வந்தவனைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். அப்புறம் அவன் உள்ளே எப்படி நடந்துகொள்வான்? 1997-இல் அது அடியோடு மூடப்பட்டது. அந்த மனையில் இப்போது அதே பெயரில் அடுக்கு மாடி வீடுகள் நிற்கின்றன.

கூட்டங்கள் வயல்வெளிக்குப் போனதும், சர்க்கார் 1994-இல் ஒரே தாளம் திரும்பத் திரும்ப ஒலிப்பதைச் சட்டத்திலேயே வர்ணித்து அதைத் தடுக்க முயன்றதும் தனிக் கதை. அமெரிக்காவில் நடந்த ஒன்றைமட்டும் சொல்கிறேன். 1990-களின் ஆரம்பத்தில் நியூயார்க்கில் பிராங்கி போன்ஸ் என்பவர் ரேவ் நடத்தினார். கூட்டத்தில் அடிதடி மூண்டபோது ஒலிபெருக்கியைப் பிடித்து அமைதி, அன்பு, ஒற்றுமை என்று அதட்டியவர். அந்த மூன்று சொற்களும் ரேவ்காரர்களின் மந்திரமாயின. மரியாதை என்ற நான்காவது சொல் பிற்பாடுதான் சேர்ந்தது. லாப்டில் இதை யாரும் சுவரில் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மனியில் மேற்கு பெர்லின் நகரில் 1989 ஜூலையில் ‘டாக்டர் மோட்டே’ என்ற பெயர்கொண்ட இசைக்காரர், சுமார் 150 பேரோடு தெருவில் ஆடிக்கொண்டே ஊர்வலம் போனார். ‘லவ் பரேட்’ என்று பெயர். அரசியல் ஊர்வலமாகவே பதிவு செய்திருந்தார். கோஷம் அமைதி, ஆனந்தம், அப்பம்! ஆயுதம் ஒழிய வேண்டும், சங்கீதம் வளர வேண்டும், சோறு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அதற்கு வியாக்கியானமும் செய்தார். பத்து வருஷத்தில் அந்த 150 பேர் 15 லட்சமானார்கள். கூட்டம் பெருகப் பெருக, விளம்பரக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இது ஊர்வலமே அல்ல, கேளிக்கைதான் என்று 2001-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு உடைமை கைமாறியது. 2006-இல் மோட்டேயும் விலகிக்கொண்டார். 2010 ஜூலை 24-ந் தேதி, டூயிஸ்பர்க் என்ற ஊரில், பழைய சரக்கு ரயில் நிலையத்தில் விழா. லட்சக்கணக்கானோர் உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரு சுரங்கப் பாதையும் சரிவுப் பாதையும்தான். நெரிசலில் 21 பேர் இறந்தார்கள்; ஐந்நூறு பேருக்குமேல் காயமடைந்தார்கள். ஜனங்கள் பொறுமையிழந்து முண்டியடித்ததால் வந்த வினை என்று உடனே சிலர் பேசினார்கள். பாதையின் அகலத்தையும் வரப்போகிறவர்களின் எண்ணிக்கையையும் ஒத்துப் பார்த்திருந்தாலே போதும் என்று பின்னால் நிபுணர்கள் எடுத்துக் காட்டினார்கள். வழக்கு 2020-இல் தீர்ப்பில்லாமலே முடிவுக்கு வந்தது. நெரிசலில் கையை நீட்டி ஒருவரை ஒருவர் மேலே தூக்கிவிட்டவர்களும் அந்தக் கூட்டத்தினர்தான்.

இப்போதைய பெரிய விழாக்களில் ரிக்கார்டு போடுகிறவர் உயரமான மேடையில் நிற்கிறார். ஜனங்கள் அவரைப் பார்த்தபடி வரிசையாக நின்று செல்போனைத் தூக்கிப் படமெடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்கச் சந்தர்ப்பமே இல்லை. இதற்கு மாறாக, பெர்லினில் பழைய மின்சார நிலையம் ஒன்றில் 2004-இல் தொடங்கிய ‘பெர்கைன்’ கிளப்பில், நுழையும்போதே செல்போன் கேமராவின் கண்ணில் ஒரு காகித வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே யார் யாரோடு எப்படி ஆடினாலும் அது வெளியே போகாது. 1970-இல் அழைப்பிதழ் செய்த வேலையை இந்த வில்லை கொஞ்சம் செய்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அதே வாசலில், குளிரில் மணிக்கணக்காகக் காத்து நின்ற வாலிபனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமல் ஒரு தலையசைப்பில் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அவன் பேசாமல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வரிசையில் நிற்கிற மற்றவர்கள் கண்ணில் படாமல் தெருவின் மறு பக்கம் போய்விடுகிறான்.