கொம்பிலும் ட்ரம்பெட்டிலும் உதடும் நாவும்

கொம்பு, எக்காளம், திருச்சின்னம், ட்ரம்பெட் ஆகியவை உதட்டின் துடிப்பால் ஒலிக்கும் காற்றுக் கருவிகள். நாகசுரத்தில் துடிப்பது சீவாளி. உதடு அதைக் கவ்வி ஆளுகிறது. கொம்பில் சீவாளி கிடையாது. ஊதுபவரின் உதடே அந்த வேலையைச் செய்கிறது. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் கூத்தர்கள் மலைவழியே சுமந்து செல்லும் கருவிகளில் கோடு என்னும் கொம்பையும் தூம்பு என்னும் குழலையும் சேர்த்துச் சொல்கிறது. இன்று போடி, ராசிங்காபுரம் உள்ளிட்ட தென் மாவட்ட ஊர்களில் இக்குடும்பத்தின் புதுவரவான ட்ரம்பெட்டைக் கல்யாண ஊர்வலத்துப் பேண்டு வாத்தியத்தில் கேட்கலாம்.

கொம்பில் விரல் வைக்கத் துளை இல்லை. குழலின் அடிச்சுரத்துக்கு இரண்டு, மூன்று, நான்கு மடங்கு எனப் படிப்படியாக உயரும் சுரங்களே அதில் எழும். இரண்டாம் படியைச் சட்ஜமாகக் கொண்டால் மூன்றாவது பஞ்சமம், நான்காவது மேல் சட்ஜம். கேரளப் பஞ்சவாத்தியத்தில் கொம்பு பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே தாளக் கட்டுகளை அடுக்குகிறது. ட்ரம்பெட்டும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. ஸ்டோல்செல், புளூமெல் இருவரும் 1818இல் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்கள். இடைச்சுரங்கள் எளிதானது அதன் பிறகுதான். ஆனாலும் ஒரே விரல் அமைப்பில் பல சுரங்கள் வரும். அவற்றில் எது என்பது இன்றும் உதட்டின் பொறுப்பு.

‘ம்’ என்னும்போது உதடுகள் கூடும் நிலையே தொடக்கம். வாயின் ஓரங்கள் இறுகியிருக்க, நடுப்பகுதி மட்டும் தளர்ந்து துடிக்க வேண்டும். மேலே போகப் போக உதடுகளின் இடைவெளி சிறுக்கும், காற்றின் விசை கூடும். கன்னத்தை உப்பவிடக் கூடாது என்று பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வார்கள். தவளைபோல் கன்னம் உப்ப ஊதிய டிஸ்ஸி கில்லெஸ்பி (1917–1993) ஜாஸ் இசையின் தலையாய வித்தகர்களில் ஒருவரானது அந்த விதிக்குப் புறம்பான சங்கதி, பின்பற்றத் தக்கதல்ல.

ஊதுவாயை எங்கே வைப்பது? பிரெஞ்சு ஹார்னில் மூன்றில் இரண்டு பங்கு மேலுதட்டில் அமர்வது மரபு. ட்ரம்பெட்டுக்கு அப்படி ஒரே கணக்கு இல்லை. பல்வரிசையும் உதட்டுத் தடிப்பும் ஆளுக்கு ஆள் வேறு. வசதியாக ஒலிக்கும் இடத்தைவிட்டு மாணவனின் வாயை அளவெடுத்து ஊதுவாயை நகர்த்துவது பெரும்பாலும் வீண். கவனிக்க வேண்டியது அழுத்தத்தை. மேல் சுரம் எட்டாதபோது கருவியை வாயோடு அழுத்தினால் இரத்த ஓட்டம் குறைந்து உதடு மரத்துப்போகும். இது வாய்ச்சுற்றுத் தசையின் கிழிசல்வரை போகக்கூடும். உதட்டுப் புண்ணால் பல ஆண்டுகள் அவதிப்பட்ட ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரைக் கொண்டு அதற்கு ‘சாட்ச்மோ சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

நாவின் வேலை காற்றை வெட்டித் தொடங்கிவைப்பது. ‘து’ என்னும் பாவனையில் நுனிநா மேற்பல் வேரைத் தொட்டு விலகும். இது நாகசுரக்காரர்களின் துத்துகாரத்துக்கு நெருங்கிய உறவு. விரைவுக்கு நாவின் பின்பகுதியும் சேர்ந்து ‘து-கு’ ஆகும்; மூன்று மூன்றாக வரும் நடைக்கு ‘து-து-கு’. கீழ்ச் சுரத்துக்கு ‘ஆ’, மேல் சுரத்துக்கு ‘ஈ’ எனச் சொல்லும் நிலையில் நா தாழ்ந்தும் உயர்ந்தும் நிற்கும். ஹார்ன் வாசிப்பவர்களை ஜெர்மனியின் கோட்டிங்கனில் எம்ஆர்ஐ கருவிக்குள் ஊதவைத்துப் படமெடுத்தபோது இந்த அசைவு தெளிவாகத் தெரிந்தது.

நாவால் வெட்டாமல், வால்வையும் தொடாமல் பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு நழுவுவதை ‘லிப் ஸ்லர்’ என்பார்கள். ட்ரம்பெட் மாணவர்கள் அன்றாடம் சாதகம் செய்வது இதை. கொம்புக்காரருக்குச் சுரம் மாற வாயையும் காற்றையும் விட்டால் வேறு வழியே இல்லை.