தப்புக் கற்ற வரலாறு: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஓர் இசைக்கருவியை மனிதர் எவ்வாறு கற்கத் தொடங்கினர் என்று வினவுமிடத்து, நம்மிற் பெரும்பாலோர் மனத்தில் எழும் காட்சி ஒன்றே. விசயதசமி நாள், தட்டில் வெற்றிலை பாக்கு, எதிரே அமர்ந்த குரு, மடியில் வீணை, வாயிற் சரளி வரிசை. இசை பற்றித் தமிழில் எழுந்த நூல்கள் பலவும் இக்காட்சியையே கல்வியின் இலக்கணமாகக் கொண்டுள்ளன. ஆயின் தமிழ் பேசுவோரில் ஒரு சிறு தொகையினரே இவ்வாறு கற்றனர். எஞ்சியோர் கற்ற முறைக்கு ஏடுகளில் இடமில்லை. அவர்களுக்குக் கற்பித்தோருக்கு ஆசிரியர் என்ற பெயருமில்லை. இரத்தினபுரிக்குத் தெற்கே, கலவானைக்குச் செல்லும் வழியில், மாணிக்கக்கல் அகழும் குழிகளுக்கும் தேயிலை, இறப்பர் மலைகளுக்கும் நடுவே கிடக்கும் நிவித்திகலப் பகுதியையும், அதனையொத்த சப்ரகமுவத் தோட்டங்களையும் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. அத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்ட கருவி தப்பு. அதனைக் கற்றல் உரிமையா, கடமையா, தண்டனையா என்ற கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை.

பறை தமிழர்தம் பழங்கருவி என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் தொல்காப்பியம் வைத்தது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடியில்லை எனக் கூறுமளவுக்குக் கருவியாளரை உயர்த்திப் பேசுகின்றது. பிற்காலத்து நிலையோ முற்றிலும் வேறு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளிற் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. போற்றப்பட்ட குடி எப்போது ஒதுக்கப்பட்ட குடியாயிற்று என்பது பெரியதோர் ஆராய்ச்சி. அதனை இங்கு விரிக்கத் தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாருடன் கடல்கடந்த மக்களுட் கணிசமானோர் இவ்வாறு ஒதுக்கப்பட்ட சாதியினரே என்பதை மட்டும் மனங்கொள்ளவேண்டும். கருவியைக் கையிற் கொண்டு வராதவரும் அதன் அடியைக் காதிற் கொண்டு வந்தனர்.

முதலிற் கோப்பித் தோட்டங்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பருக்கு ஏற்பட்ட கிராக்கியால் சப்ரகமுவத்தின் தாழ்ந்த மலைச்சரிவுகளில் இறப்பர்த் தோட்டங்களும் பெருகின. நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் மலைக்கு மலை தோட்டமாகவே தொடர்ந்து கிடக்கும். சப்ரகமுவத்தில் அப்படியன்று. இங்கு தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள், வயல்கள், விகாரைகள். லயத்திலே தப்பு ஒலித்தால் கிராமத்திற் கேட்கும். விகாரையிலே முழவு ஒலித்தால் லயத்திற் கேட்கும். இவ்வேறுபாடு பின்னர் முக்கியத்துவம் பெறும்.

தோட்டத்திலே தப்பு முதலில் இசைக்கருவியாக அன்றிக் கடிகாரமாகவே நிலைபெற்றது எனலாம். தொழிலாளர் வீடுகளிற் கடிகாரம் இல்லாத காலம் அது. விடியுமுன் தப்பு அடிக்கப்படும். அவ்வோசை கேட்டு லயம் எழும், அடுப்பு மூளும், மக்கள் பிரட்டுக் களத்துக்கு விரைவர். பிரட்டுக்குப் பிந்தியவருக்கு அன்றைய வேலை கிடையாமற் போகவும் கூடும். ஆகவே அவ்வடியைக் குழந்தை முதலிற் கேட்டது அச்சத்தின் ஒலியாகவே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்க்கை பற்றி ஆங்கிலத்தில் யாத்த நெடுங்கவிதையில் விடியலோடு இத்தப்பொலியே முன்வந்து நிற்பது தற்செயலன்று. தோட்டத்தின் நாள் அங்குதான் தொடங்கியது.

இறப்பர்த் தோட்டத்தில் இது மேலும் கடுமையானது. வெயில் ஏறஏற மரத்திலிருந்து பால் வடிவது குறையும். எனவே பால்வெட்டு அதிகாலையிலேயே நடந்தாகவேண்டும். தப்படிப்பவர் அதற்கு முன்னரே எழவேண்டும். அவர் மகன் அவருடன் எழுந்தான். அவன் பெற்ற முதற் பாடம் தாளமன்று. இருட்டில் நேரத்தைக் கணித்தறிதலே.

இரண்டாம் பாடம் நெருப்பு. தப்பின் அமைப்பு எளியது. மரச்சட்டங்களை வளைத்து இணைத்த வளையம். அதன் ஒரு முகத்தில் மட்டும் இழுத்து ஒட்டப்பட்ட தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. மிருதங்கத்திற்போல வாரும் புள்ளும் இல்லை. முறுக்கிச் சுருதி கூட்ட வழியில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்தால் காய்ச்சியே இறுக்கவேண்டும். இரத்தினபுரிப் பகுதியின் ஆண்டு மழைவீழ்ச்சியோ 3000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. திருச்சி, புதுக்கோட்டைக் கரிசலிலும் செம்மண்ணிலும் பிறந்த கருவி இந்த ஓயாத ஈரத்திற் படும் பாட்டை எண்ணிப்பார்க்கலாம். எனவே கற்கவந்த சிறுவன் சருகும் தாளும் பொறுக்கித் தீமூட்டுவான். மூத்தவரின் தப்பை வாங்கி நெருப்பின்மேற் சுழற்றிக் காட்டுவான். கூடுதலாகக் காய்ந்தால் தோல் வெடிக்கும். குறைவாகக் காய்ந்தால் ஒலி மந்தமாகும். நெருப்பைவிட்டு எடுத்து விரலாற் சுண்டிப் பார்த்து, இன்னும் வேண்டுமா போதுமா என்று தீர்மானிக்கப் பழகுகையில், சுருதி என்ற சொல்லை அறியாமலே அவன் சுருதியை அறிந்தான். கோலைத் தொடுவதற்கு முன்னரே காது பயின்றுவிட்டது. சங்கீதக் கல்லூரிகளிற் கூட இத்துணை நுட்பமான தொடக்கம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கோல் பிடித்தல் அதன்பின். இடத்தோளில் தொங்கும் தப்பை உடலோடு அணைத்து, இடக்கையில் நீண்டு மெலிந்த குச்சியும் வலக்கையிற் குறுகித் தடித்த அடிக்குச்சியும் கொள்வது வழக்கு. அடிக்குச்சி நடையைக் கொடுக்கும். மெல்லிய குச்சி அதன் இடைவெளிகளை நிரப்பும். சிறுவர் கையில் உடனே தப்பைக் கொடுத்துவிட எவரும் துணியார், தோல் விலையுடையது. தகரப் பேணியும் பலகைத் துண்டும் அவர்களின் தப்பாயின. அடிகள் வாய்ச்சொல்லாகவே வழங்கின; வாய் சொன்னதைக் கை பின்பற்றியது. எழுத்திற் பொறித்த பாடமில்லை. தவறினால் நிறுத்தித் திருத்தும் வழக்கமும் குறைவு. சாவு வீட்டில் ஊர்வலம் நகர்கையில், வரிசையின் கடைசியில் நின்று அடிக்க ஒருநாள் இடம் கிடைக்கும். முன்னே செல்வோர் அடியை மாற்றும்போது தானும் மாற்றத் தெரிந்தால் அடுத்தமுறையும் இடம் உண்டு. தெரியாவிட்டால் மீண்டும் தகரப் பேணிதான். அரங்கேற்றம் என்று பெயரிடப்படாத அரங்கேற்றம் அது.

அடிகளும் பல. பிரட்டுக்கு ஒன்று, கலியாணத்துக்கு ஒன்று, சாமி அழைப்புக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. தமிழ்நாட்டுப் பறையாட்டத்தில் ஒத்தையடி, மருளடி, சாமிச்சாத்தடி, வாழ்த்தடி, மாரடிப்படி என்றெல்லாம் வழங்குவனவும், அவற்றோடு சேர்த்தே எண்ணப்படும் சினிமா அடியும், இக்கலை காலந்தோறும் புதியதை உள்வாங்கி வந்ததைக் காட்டுகின்றன. மலையகத்திலே இப்பயிற்சிக்கு உரம் சேர்த்தது மாசி மாதத்துக் காமன் கூத்து. மன்மதன் எரிந்த கதை நாட்கணக்கில் நிகழும், ரதியும் மதனும் ஆடுவர், தப்பு ஓயாது. பிரட்டில் ஆணையாக ஒலித்த அதே கருவி இங்கு ஆட்டத்தை நடத்தியது. துரையின் கடிகாரம் அந்நாட்களில் ஊரின் சொத்தாக மாறியது. சிறுவர் தப்பின்மேற் காதல் கொண்டது பிரட்டுக் களத்திலன்று, காமன் பொட்டலிலேயே எனக் கொள்வது பொருந்தும்.

இதே நிலத்திலே இன்னொரு முழவும் உண்டு. உடரட்டை ஆடலுக்குக் கெட்டபெரயும் தென்பகுதி ஆடலுக்கு யக்பெரயும் போல, சப்ரகமுவ ஆடல் மரபுக்கு உரியது தவுல. பெயரால் நம் தவிலை நினைவூட்டும் இக்கருவி இரத்தினபுரி மகா சமன் தேவாலயத்தின் பெரகராவிலும், விகாரைகளின் ஹேவிசியில் தம்மெட்டமவோடும் ஒலிக்கின்றது. இதனை வழிவழியாக அடித்துவந்தோர் பெரவா சாதியினர். அவர்களும் சமூகப் படிநிலையிற் கீழே வைக்கப்பட்டோரே. அவர்தம் மக்களும் தந்தையின் பின் நின்றே கற்றனர். தேவாலயச் சேவைக்கு ஈடாக நிலம் அனுபவித்தமை ஒன்றே அவர்களுக்கிருந்த ஆறுதல். தோட்டத்துத் தப்படிப்பவருக்கோ லயத்து அறையும் சொந்தமில்லை. ஏறக்குறைய ஒன்றுபோலத் தொடங்கிய இவ்விரு கல்விகளும் இருபதாம் நூற்றாண்டிற் பிரிந்தன. சிங்களக் கலை மறுமலர்ச்சி முழவை மேடைக்கும், அரசு அதனைப் பள்ளிக்கும் கொண்டுசென்றன. தேசிய மரபு என்ற பெயர் கிடைத்தது. தமிழ்மொழிப் பாடசாலைகளில் அழகியற் பாடங்களாகக் கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் அமைந்தன. தப்புக்கென ஒரு பாடம் அமையவில்லை. எழுபதுகளிலே தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வரத்தொடங்கிய பின்னரும், தோட்டத்துப் பிள்ளை வகுப்பறையிற் கண்ட இசை அவன் பாட்டனின் இசையன்று. இதற்குச் சிங்கள அரசை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. தமிழ்க் கல்விமான்கள் தப்பை இசையென ஏற்க நாணினர் என்பதே உண்மை.

தப்பின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் பலர் அதனை இழப்பாக மட்டும் பேசுகின்றனர். இது அரைகுறைப் பார்வை. யார் வீட்டுச் சாவுக்கும் சென்று அடிக்கவேண்டும்; மறுத்தால் பகை; அடித்தால் வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கவேண்டும். இத்தகைய ‘பரம்பரை உரிமை’யைத் தன் மகன் ஏற்கவேண்டாமென ஒரு தந்தை முடிவு செய்தாராயின், அவர் கலையைக் கொன்றவரல்லர். தமிழ்நாட்டிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் சாவுக்குப் பறையடிக்க மறுத்தமை ஒரு போராட்ட வடிவமாகவே இருந்தது. தொழிற்சங்கமும் கல்வியும் சுயமரியாதை உணர்வும் தோட்டங்களிற் பரவ, தப்புக் குச்சியைக் கீழே வைத்தல் தலைநிமிர்தலின் அடையாளமாயிற்று. பிரட்டுக்கு மணியும் சங்கும் வந்தபோது அதற்காக அழுதவர் எவருமிலர்.

ஆயினும் தாமாக விட்டவை வேறு, பறிக்கப்பட்டவை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இல் எழுதப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோரிற் பலர் நீலகிரித் தேயிலைக் காடுகளிற் குடியேறினர். கேட்டுக் கற்கும் கலைக்கு ஏடு இல்லை. அறிந்தவர் ஊரைவிட்டுப் போனால் பாடமும் அவருடனே போகும். அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தபோது, வரிசையின் முன்னே நின்றவரும் கடைசியில் நின்றவரும் கடலின் இருகரையிலுமாயினர்.

சப்ரகமுவத்திற்கு இதனினும் பெரிய இடி 1977இலும் 1981இலும் விழுந்தது. 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன, லயங்கள் தீக்கிரையாயின, மக்கள் காடுகளில் ஒளிந்தனர். இக்கலவரங்களில் வீடிழந்தோர் பலர் வவுனியா முதலிய வடபகுதிகளுக்குப் பெயர்ந்தனர். கிராமமும் லயமும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலத்தில், இரவில் ஒலிக்கும் தப்பு ‘இங்கே தமிழர் இருக்கின்றனர்’ என்று தொலைதூரத்துக்கு அறிவிக்கும் குரல். அத்தகைய ஆண்டுகளில் அக்குரலைத் தாழ்த்திக்கொள்வது இயல்பு. பிரட்டின் அடி கெட்டதற்கு மணி காரணம். கூத்தின் அடி தளர்ந்ததற்கு அச்சமும் ஒரு காரணம்.

இத்தனைக்கும் பின்னர் கருவி பிழைத்திருப்பது எவ்வாறு? கடல்கடந்த மற்றொரு கிளை இதற்கு ஒளிதருகின்றது. 1853இலிருந்து மார்த்தினிக்கிற்கும் 1854இலிருந்து குவாதலூப்பிற்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் சந்ததியார் இன்று பிரெஞ்சும் கிரியோலுமே பேசுகின்றனர். ஆயினும் அவர்தம் மாரியம்மன் வழிபாட்டிலே நெருப்பிற் காய்ச்சிய ஒருமுகத் தோற்கருவி முழங்குகின்றது; அதன் பெயர் அங்கும் ‘தப்பு’வே. தமிழ்ப்பேச்சு மறைந்த பின்னும் தப்பின் அடி மறையவில்லை. கருவியோ வரிசையின் பின்னால் நிற்கும் உடம்பையே நம்பியிருந்தது.

தொண்ணூறுகளுக்குப் பின் காற்றுத் திரும்பியது. திண்டுக்கல்லில் 1990இல் தோன்றிய சக்தி கலைக்குழு, அதுவரை ஆண்களே தொட்ட பறையை ஒடுக்கப்பட்ட சமூகத்து இளம்பெண்களின் கையிற் கொடுத்தது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மலையகத்திலும் தப்பு மேடையேறுகின்றது. பிறப்பால் ‘உரியவர்’ அல்லாதாரும் விரும்பிக் கற்கின்றனர். ஒருவர் இக்கருவியைத் தாமே தெரிந்தெடுத்துக் கற்றல் என்பது இதன் நெடிய வரலாற்றிற் புதிய நிகழ்ச்சி.

கற்கும் ஒழுங்கும் மாறியுள்ளது. பயிற்சிப் பட்டறையில் முதல் நாளே கையிற் குச்சி வருகின்றது. நெகிழித் தோல் பூட்டிய தப்பு மழையில் தளர்வதில்லை. அதற்குச் சருகு பொறுக்கவும் வேண்டாம், தீமூட்டவும் வேண்டாம். மேடைக்கு வேண்டியவை ஆட்டத்தின் அடிகளே. பிரட்டு அடியை இன்று அறியவேண்டிய தேவை எவருக்குமில்லை. சாவடியின் நிலை அவ்வாறன்று. நிவித்திகலத்து மலைச்சரிவில் ஒரு முதியவர் கண்மூடினால் அவரைக் குழிவரை கொண்டுசெல்ல அது இன்னும் வேண்டும்; வரிசையின் கடைசியில் இடம்கேட்டு நிற்பவன் இன்று யாருடைய மகனாகவும் இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம்.